மோர் பிஸ்கட்: எருமைத் தயிரை வைத்து, நம் ஊர் வெக்கையில், வீட்டில் சுடுவது எப்படி?

கல்லடிக்கரை

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் காலைச் சாப்பாட்டுக்குச் சுடும் மோர் பிஸ்கட்டை வீட்டில் செய்ய ஆசைப்படுகிறேன். தேத்தண்ணியில் தோய்த்துத் தின்னும் மொறுமொறு பிஸ்கட் இல்லை. உள்ளே மென்மையாக, ஏடு ஏடாகப் பிரிந்து வரும் உப்புப் பண்டம். ஈஸ்ட் தேவையில்லை, பொங்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, அதனால் காலையில் எழும்பிச் சுட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

ஆனால் குறிப்புகளைப் படித்தால் எல்லாமே அந்த ஊர்ச் சாமான். மோர் என்று போட்டிருக்கிறது. நாங்கள் வெங்காயம், பச்சை மிளகாய் வெட்டிப் போட்டுக் குடிக்கும் மோரா அது? கடைக் கோதுமை மா சரிவருமா? பட்டர் குளிராக இருக்க வேண்டுமாம். இந்தச் சூடான கச்சான் காற்றுக்குப் பட்டரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் எண்ணெயாகிவிடுகிறது. என்னிடம் இருப்பது மேசையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன். செய்து பழகியவர்கள் சொல்லித் தாருங்கள்.

படுவான்கரையான்

தங்கச்சி, சுடுவதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். மோரைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்திலிருந்து எருமை நிற்கிறது.

குடிக்கும் மோர் இதற்கு வேண்டாம். அதில் தண்ணீர்தான் கூட. புளிப்பும் போதாது, தடிப்பும் போதாது. மா சேறாகிவிடும். அமெரிக்கக் கடையில் விற்கும் மோர் தடிப்பானது, கரண்டியால் ஊற்றினால் மெதுவாக இறங்கும். நமக்கு அதைவிட நல்ல சாமான் முட்டித் தயிர். முக்கால் கோப்பை எருமைத் தயிரில் கால் கோப்பை குளிர்ந்த தண்ணீர் விட்டு முள்ளுக்கரண்டியால் அடித்தால் போதும். முட்டியின் மேலே தெளிந்து நிற்கும் தயிர்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக அதையே விட்டால் புளிப்பும் குறையாது. மத்துப் போட்டுக் கடைய வேண்டாம், வெண்ணெய் திரண்டுவிடும்.

முதல் நாள் தயிர் இனிப்பாக இருக்கும், அது சாப்பாட்டுக்கு. இதற்கு ரெண்டு மூன்று நாள் கழிந்து நன்றாகப் புளித்த தயிர்தான் தேவை. அப்பச்சோடாவைப் பொங்க வைப்பது அந்தப் புளிப்புத்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7, 8 வரும், பசுப் பாலில் அதில் பாதியளவுதான். மண்முட்டியும் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுவதால் தயிர் கட்டியாக நிற்கும். வெள்ளைக்காரன் மோரில் கிடைக்காத மென்மை இதில் கிடைக்கும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான். பிளாஸ்டிக் கோப்பையில் வரும் இனிப்புத் தயிரை வாங்கி இதற்கு ஊற்றாதீர்கள்.

களுதாவளை டென்னசி

படுவான்கரை அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் இப்போது இருப்பது டென்னசியில், இந்தப் பிஸ்கட்டின் சொந்த ஊரில். இங்கே முந்தி மோர் என்றால் வெண்ணெய் கடைந்து எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர்தான். இப்போது கடையில் போத்தலில் வருவது, கொழுப்புக் குறைத்த பாலில் உறை போட்டுப் புளிக்க வைத்தது. அதை நம் தயிருக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் பெரிய வித்தியாசம். இங்கே குளிர்காலத்துக்கு முந்தி விதைக்கும் மென்மையான கோதுமையில் அரைத்த மாவைத்தான் பிஸ்கட்டுக்கு எடுப்பார்கள். 1883 இல் நொக்ஸ்வில் நகரத்தில் தொடங்கிய வைட் லில்லி மா இதற்குப் பேர்போனது. அதில் புரதம் நூற்றுக்கு 8, 9 தான். ஊர்க் கடையில் கிடைக்கும் கோதுமை மா பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்றது, இழுத்தால் இழுபடும். பிஸ்கட்டுக்கு அந்த இழுவை ஆகாது. அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கோப்பை மாவிலும் 2 மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கோர்ன் ஃபிளவர் என்று விற்கும் வெள்ளைச் சோள மாவை 2 மேசைக்கரண்டி போட்டுச் சேர்த்து அரியுங்கள். இழுவை குறைந்துவிடும்.

பொங்க வைக்கும் பவுடர் வருவதற்கு முந்தி இங்கே மாவைக் கட்டையால் நெடுநேரம் அடித்து அடித்துத்தான் பிஸ்கட் செய்திருக்கிறார்கள். அது கடினமான, தட்டையான பிஸ்கட். 1856 இல் ஹோர்ஸ்ஃபோர்ட் என்ற இரசாயனப் பேராசிரியர் பேக்கிங் பவுடருக்கான அமிலப் பொடி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அந்தக் காலத்துக்குப் பிறகுதான் இந்த மென்மையான பிஸ்கட் வீட்டுக்கு வீடு பரவியது.

நிந்தவூர் ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். மகள், நான் வீட்டில் ஓடருக்குக் கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுக் கொடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அளவு இதுதான். 2 கோப்பை மா, அதாவது 250 கிராம், டென்னசித் தம்பி சொன்னபடி சோள மா கலந்தது. 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். கால் தேக்கரண்டி அப்பச்சோடா, இதைக் குவித்து எடுக்கக் கூடாது, கத்தியால் மட்டம் தட்டி எடுக்க வேண்டும். முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி. பட்டர் 85 கிராம். தயிரும் தண்ணீரும் அடித்த மோர் முக்கால் கோப்பை. கலந்த ஒரு கோப்பையில் மிச்சம் வரும் கால் கோப்பையைப் பக்கத்தில் வைத்திருங்கள், கடைசியில் மேலே பூசவும், மா காய்ந்திருந்தால் தெளிக்கவும் உதவும்.

இந்த அளவை யாரும் எழுதித் தருவார்கள். நம் ஊரில் பிஸ்கட் எழும்புமா, படுத்துவிடுமா என்று தீர்மானிப்பது வெக்கை. ஏன் என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. பட்டரில் கொழுப்போடு தண்ணீரும் இருக்கிறது, நூற்றுக்கு 16 அளவில். பட்டர் சின்னச் சின்னத் துண்டாக மாவுக்குள் கட்டியாகவே கிடந்து ஓவனுக்குள் போனால், அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தள்ளிப் பிரிக்கும். ஏடு வருவது அதனால்தான். பட்டர் 32 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் எங்கள் குசினியே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. உருகிய பட்டரை மா குடித்துவிட்டால் ஏடும் வராது, எழும்பவும் மாட்டாது.

அதனால் நான் முதல் நாள் இரவே பட்டரைக் கட்டியாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மாவையும் பவுடரையும் அரித்துக் கலந்து, பாத்திரத்தோடு பிரிட்ஜில். மோரும் பிரிட்ஜில். சுபஹ் தொழுகை முடிந்த கையோடு வேலையைத் தொடங்குவேன். அந்நேரம்தான் குசினி குளிர். பகலில் செய்யத்தான் வேண்டும் என்றால் மாக் குழைக்கும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் குழையுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள், அது சூட்டுக் காற்றைத்தான் அடிக்கும்.

முதலில் ஓவனை 220 பாகை செல்சியஸில் போட்டு 20 நிமிடம் விடுங்கள். சின்ன ஓவனில் சிவப்பு லைட் அணைந்தால் சூடாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், தகரமும் சுவரும் சூடேற நேரம் எடுக்கும். பிறகு பட்டரைத் துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள், கை படும் இடத்தில் கடதாசியைச் சுற்றிப் பிடியுங்கள். துருவியதை மாவில் கொட்டி விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். உள்ளங்கை சூடு, அது படக் கூடாது. பிட்டுக்கு மா உதிர்க்கிற பதம் உங்களுக்குத் தெரியும்தானே, அதே கைதான். சிலது பயறளவு, சிலது இன்னும் பெரிதாகக் கிடந்தால் நல்லது. நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தரம் கிளறுங்கள். அவ்வளவுதான். ரொட்டிக்குப் பிசைவது போலப் பிசைந்தால் இறுகிவிடும். பார்வைக்கு ஒழுங்கில்லாமல், அங்கங்கே காய்ந்த மாவோடு இருக்கும். பயப்பட வேண்டாம்.

மேசையில் மா தூவி அதைக் கொட்டி, கையால் தட்டி நீள்சதுரமாக்குங்கள். மூன்றாக மடியுங்கள், பாயைச் சுருட்டாமல் மடிப்பது போல. திருப்பி வைத்துத் தட்டி மறுபடி மூன்றாக மடியுங்கள். இப்படி மூன்று தரம். மடிக்க மடிக்கக் காய்ந்த மாவெல்லாம் தானே சேர்ந்துவிடும், பட்டரும் ஏடாக விரியும். கடைசியில் ஒரு அங்குலத் தடிப்பில் நிறுத்துங்கள். மெல்லிசாக்கினால் எழும்ப ஒன்றும் இருக்காது.

வெட்டும்போது கூரான கத்தியை எடுத்து நேராகக் கீழே அழுத்திச் சதுரமாக வெட்டுங்கள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்து முறுக்கி வெட்டுகிறார்கள். அந்த விளிம்பு மொண்ணை, ஓரம் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் மேலே எழும்ப விடாது. சதுரமாக வெட்டினால் மிச்சமும் விழாது. 9 துண்டு வரும். தட்டில் ஒன்றோடு ஒன்று தொடுகிற மாதிரி நெருக்கி அடுக்குங்கள், பக்கத்துக்குப் பரவ இடமில்லாவிட்டால் மேலேதான் எழும்பும். மேலே மோர் பூசி, 14 முதல் 16 நிமிடம். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

தேற்றாத்தீவுப் பொடியன்

ராத்தா, அருமையான விளக்கம். ஆனால் பட்டர் விற்கும் விலையில் ஒவ்வொரு கிழமையும் 85 கிராம் போட எல்லாராலும் முடியாது. எங்கள் வீட்டில் மாஜரின்தான். நன்றாகவே வருகிறது. மாஜரின் வெக்கைக்குப் பட்டரைவிடத் தாக்குப் பிடிக்கும் என்பதும் உண்மைதானே? பட்டர்தான் வேண்டும் என்று சொன்னால் பாதிப் பேர் செய்யாமலே விட்டுவிடுவார்கள்.

நிந்தவூர் ராத்தா

தம்பி, விலை விசயம் நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் மாஜரின் எல்லாம் ஒன்றில்லை. பாணில் பூசுவதற்கென்று டப்பாவில் வரும் மென்மையான மாஜரின் பிரிட்ஜுக்குள்ளேயே குழைந்துதான் இருக்கும். அதில் ஏடு வராது, கேக் மாதிரி ஒரு பிஸ்கட் வரும். கொழுப்புக் குறைந்தது என்று போட்டிருப்பதில் தண்ணீர் கூட, அதை எடுக்கவே வேண்டாம். கட்டியாக வரும் மாஜரினை ஃப்ரீசரில் வைத்துத் துருவினால் எழும்பும், அதை ஒத்துக்கொள்கிறேன். உப்பு ஏற்கனவே இருக்கும், மாவில் அரைத் தேக்கரண்டி போதும்.

ஆனால் மணம்? சூட்டோடு பிரிக்கும்போது வருகிற அந்தப் பால் மணம் மாஜரினில் இல்லை. நான் செய்வது பாதி பட்டர், பாதி கட்டி மாஜரின். தயிரில் கொழுப்பு இருப்பதால் மொத்தம் 75 கிராமுக்கும் இறங்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள்.

பழைய அமெரிக்கக் குறிப்புகளில் பன்றிக் கொழுப்புப் போடுவார்கள். நம் ஆட்கள் யாராவது அப்படிக் குறிப்பைக் கண்டால் அந்த இடத்தில் பட்டரைப் போடுங்கள், அளவு மாற்றத் தேவையில்லை.

வெல்லாவெளி மச்சாள்

நெய் போடலாமா? வீட்டு எருமை நெய் இருக்கிறது.

களுதாவளை டென்னசி

மச்சாள், நெய்யில் தண்ணீர் இல்லை. ராத்தா சொன்ன ஆவி வேலை நடக்காது. பொருபொருவென்று உதிரும், மணம் தூக்கும், ஆனால் ஏடு பிரியாது. ஒரு கரண்டி நெய்யை உருக்கி, சுட்டு எடுத்தவுடன் மேலே பூசுங்கள். நெய்க்கு அதுதான் சரியான இடம்.

கல்லடிக்கரை

ராத்தாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. வீட்டில் பிட்டுக்கு அவித்து அரித்த கோதுமை மா எப்போதும் இருக்கும். அதில் இழுவை இல்லையே, சோள மாவுக்குப் பதில் அதைப் போட்டால்?

படுவான்கரை மருமகள்

அக்கா, அவிக்கும்போது மாவின் புரதம் சூட்டில் கெட்டுவிடுகிறது, அதனால்தான் அவித்த மாவில் பிட்டு உதிராக வருகிறது. முழுக்க அவித்த மாவில் பிஸ்கட் செய்தால் பிடிமானமே இருக்காது, மடிக்கும்போதே பிளந்துவிடும். ஆனால் சோள மா போடுகிற அந்த 2 மேசைக்கரண்டிக்குப் பதிலாக அவித்த மா போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், மென்மையாக வரும். நன்றாக ஆறியிருக்க வேண்டும், நல்ல சின்னக் கண் அரிதட்டில் அரிக்க வேண்டும். ஒரு கட்டி கிடந்தாலும் வாயில் தெரியும்.

தயிர் கிடைக்காத நாளில் பால்மாவைக் கொஞ்சம் தடிப்பாகக் கரைத்து, ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரையும். அதுவும் வேலை செய்யும். ஆனால் தயிர் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்வது எனக்கு மனம் ஒப்பாத விசயம்.

ஏறாவூர்ப் பிள்ளை

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. காஸ் அடுப்பும் விறகடுப்பும்தான். செய்ய வழி இருக்கிறதா?

படுவான்கரையான்

இருக்கிறது பிள்ள. 2022 இல் காஸ் இல்லாமல் அலைந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் விறகுக்குத் திரும்பினார்கள், அப்போது இப்படித்தான் சுட்டோம்.

அடி தடித்த பெரிய சட்டி ஒன்றை எடுத்து, அடியில் ஒரு அங்குலத்துக்குக் கழுவிக் காய்ந்த ஆற்று மணல் பரப்புங்கள். அதன்மேல் ஒரு வளையமோ கவிழ்த்த சின்னத் தகரமோ வைத்து மூடி, நல்ல நெருப்பில் கால் மணித்தியாலம் சூடேற்றுங்கள். பிஸ்கட் அடுக்கிய தட்டை அந்த வளையத்தின் மேல் வைத்து இறுக மூடுங்கள். இனி முக்கியமான விசயம்: அடி நெருப்பு மட்டும் இருந்தால் கீழே கருகும், மேலே வெளுத்துக் கிடக்கும். மூடி தட்டையான இரும்பு மூடியாக இருக்க வேண்டும், அதன்மேல் சிரட்டைக் கரித் தணலை அள்ளிப் பரப்புங்கள். மேல் நெருப்பு கூடவும் அடி நெருப்பு குறையவும் வைத்தால் 20 நிமிடத்தில் பொன்னிறமாகும். முற்றத்தில் செய்யுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். காஸ் அடுப்பில் இதைச் செய்யாதீர்கள், மேலே தணல் வைப்பது ஆபத்து.

களுதாவளை டென்னசி

அண்ணன், இதைப் படிக்கச் சந்தோசமாக இருக்கிறது. மூடியில் தணல் வைத்து இரும்புச் சட்டியில் பிஸ்கட் சுடுவது இங்கேயும் பழைய வழக்கம். காஸ் மட்டும் உள்ளவர்கள் இரும்புத் தாச்சியில் எண்ணெய் தடவி, பிஸ்கட்டைக் கொஞ்சம் மெல்லிசாக, அரை அங்குலத்தில் வெட்டி, மூடி வைத்து மிகக் குறைந்த நெருப்பில் ஒரு பக்கம் 8 நிமிடம், புரட்டிப் போட்டு 6 நிமிடம் சுடலாம். ஓவனில் சுட்ட மாதிரி உயராது, ஆனால் உள்ளே வெந்து ஏடும் கொஞ்சம் தெரியும்.

கல்லடிக்கரை

சுட்டுவிட்டேன்! நன்றாக எழும்பியது, கையால் பிரித்தால் ஏடு தெரிகிறது. பிள்ளைகள் சூட்டோடு சீனிச்சம்பல் வைத்துத் தின்றார்கள், அவருக்கு நேற்றைய இறால் குழம்பு. ரெண்டு குறை மட்டும். மேலே அங்கங்கே மண்ணிறப் புள்ளி, அந்த இடம் லேசான சவர்க்காரச் சுவை. அப்புறம் ஒரு பக்கத்துத் துண்டெல்லாம் சாய்ந்து நிற்கிறது.

நிந்தவூர் ராத்தா

மாஷா அல்லாஹ், மகள். புள்ளி அப்பச்சோடாக் கட்டி. நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது பக்கெற்றுக்குள்ளேயே கட்டிபட்டுவிடும். கரண்டியால் நசுக்கி, மாவோடு ரெண்டு தரம் அரியுங்கள். வாங்கியதும் காற்றுப் புகாத போத்தலில் போட்டுவிடுங்கள். பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி பவுடரைச் சுடுதண்ணீரில் போடுங்கள், உடனே பொங்கி இரைய வேண்டும். அப்பச்சோடாவுக்கு அதே சோதனையைத் தேசிக்காய்ப் புளியில் செய்யுங்கள். இன்னும் எழும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்பச்சோடாவை மட்டும் கூட்டாதீர்கள். ஒரு கோப்பை மோரின் புளிப்பு அரைத் தேக்கரண்டி சோடாவைத்தான் தாங்கும். அதற்கு மேலே போட்டது அப்படியே மிஞ்சிச் சவர்க்காரச் சுவை தரும்.

சாய்வதற்குக் காரணம் தட்டும்போது ஒரு பக்கம் மெல்லிசாகியிருக்கும், அல்லது ஓவனின் ஒரு பக்கம் சூடு கூட. பத்து நிமிடம் கழிந்ததும் தட்டைச் சட்டென்று திருப்பி வையுங்கள்.

மருதமுனை உம்மா

நோன்பு காலத்துக்கு முன்கூட்டியே செய்து வைக்க வழி இருக்கிறதா? ஸஹர் நேரத்தில் மாக் குழைத்துக்கொண்டிருக்க முடியாது.

நிந்தவூர் ராத்தா

இருக்கிறது. வெட்டிய பச்சைத் துண்டுகளைத் தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் கல்லாக்கி, பிறகு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஒரு மாதம் நிற்கும். உருக விட வேண்டாம். ஓவன் சூடாகும் வரைக்கும் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும், எடுத்தவுடன் நெருக்கி அடுக்கி அப்படியே உள்ளே வையுங்கள். வழக்கத்தைவிட 4, 5 நிமிடம் கூட எடுக்கும். எனக்கு இப்படிக் கல்லாக்கிச் சுட்டதுதான் இன்னும் உயரமாக வருகிறது, பட்டர் கடைசி நிமிடம் வரைக்கும் கட்டியாக நிற்பதால். கரண்ட் நீண்ட நேரம் போய்த் துண்டுகள் உருகிவிட்டால் திரும்பக் கல்லாக்காதீர்கள், அன்றைக்கே சுட்டுவிடுங்கள்.